தீர்ப்பு சோற்றுக்குப் பிறகு

எங்கள் வீட்டு முகப்பை அடைத்து நிற்கும் கம்பிக் கதவை என் அப்பாவே செய்தார். செவிலிமேட்டின் புதுத் தெருக்களில் பாதி வீடுகளுக்குக் கதவு செய்தவர் அவர்தான். கேட்டவர் கேட்டபடி மயில் வைப்பார், தாமரை வைப்பார், ஓம் வைப்பார், சிலுவை வைப்பார். ஒரு வீட்டுக்காரர் கிரிக்கெட் மட்டையும் பந்தும் வேண்டும் என்றபோது அதையும் கம்பியில் வளைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கதவில் மட்டும் எந்த உருவமும் கிடையாது. தரையிலிருந்து கூரைவரை நேர்க்கம்பிகள், இடையில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி, நடுவில் பூட்டு. அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் அம்மா கேட்டார். அப்பா செய்து மாட்டினார்.

அந்தக் கதவுக்கு உள்ளே நான் ஓராண்டுக்கும் மேல் இருந்தேன்.

சென்னைக் கல்லூரியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். தினமும் ரயிலில் போய் வந்தவள். அது நின்றது. செங்கல்பட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் பட்டிமன்றங்களுக்கு அழைத்தார்கள். அதுவும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் அம்மாவின் கையைப் பிடித்தபடி நடந்து போய், நடந்து திரும்புவேன். பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். மற்றது அம்மாவின் முந்தானை முடிச்சில். அம்மா புடவைக் கடைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பவர். பட்டுப் புடவையின் ஓரத்து இழைகளைப் பிரித்து முறுக்கி முடிச்சிடும் வேலை. முன்பு உள்ளறையில் உட்கார்ந்து செய்தவர், இப்போது கதவை ஒட்டிப் பாய் விரித்துக்கொண்டார். எனக்கும் ஒரு புடவையின் ஓரத்தைக் கொடுத்தார். நாள் முழுவதும் முடிச்சிட்டேன். எதிர்ச்சந்தில் இருந்த தறி ஒன்றின் ஓசை காலையில் தொடங்கி, மின்சாரம் போனாலும் நிற்காமல், விளக்கு வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஓசை ஒன்றுதான் எனக்குக் கடிகாரம்.

நான் மேடைப் பேச்சாளர். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. பள்ளி நாளிலிருந்து பயின்ற கலை அது. மூச்சை எங்கே இழுப்பது, எந்தச் சொல்லில் நிறுத்தினால் கைதட்டல் எழும், எதிரணியின் வாதத்தில் தளர்ந்திருக்கும் செங்கல் எது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. கல்லூரிப் போட்டிகளில் எந்த அணி என்பதைச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். எந்தச் சீட்டு வந்தாலும் பேசுவேன். காலையில் ஒன்றை நிலைநாட்டி, மாலையில் அதையே இடித்துத் தள்ளிய நாளும் உண்டு. இரண்டுக்கும் கோப்பை வாங்கி வந்தேன்.

எனக்கு வீட்டில் ஒரு நடுவர் இருந்தான். என் அண்ணன். ஒரகடம் பக்கத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவன். வேலை முடிந்து வந்து குளித்ததும் நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போடுவான். அப்பாவின் துண்டை மடித்துப் பொன்னாடையாகத் தோளில் போர்த்திக்கொள்வான். கையில் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். கரண்டியால் ஒருமுறை தட்டினால் ஒரு நிமிடம் மிச்சம். இருமுறை தட்டினால் நிறுத்தவேண்டும். நான் சுவரோரம் நின்று, "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று தொடங்குவேன். பாதியிலேயே கை உயர்த்துவான்.

"சத்தம் பத்தலயே மைக் செட்டு. எதிர்வீட்டு டீவிக்கு உன்னவிட நல்ல குரலு இருக்குது."

அப்பா வெளியே செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். அவர் எங்கள் பக்கம் திரும்பியதே இல்லை. பேச்சு முடிந்து நான் தீர்ப்புக் கேட்டால் அண்ணனிடம் ஒரே பதில்தான். "தீர்ப்பு சோத்துக்கு அப்பறம்." சாப்பிட்டதும் அந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிவிடுவான். எழுப்பிக் கேட்டால், "சொல்லிட்டா நாளைக்கு நீ பேசமாட்டியே" என்று முனகிவிட்டுப் புரண்டு படுப்பான். ஒருநாளும் அவன் தீர்ப்புச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் அம்மா தலைமேல் கை வைத்து ஜெபித்துத்தான் அனுப்புவார். நீண்ட ஜெபம் ஒன்றும் இல்லை, இரண்டே வரி. அதற்குள் அண்ணன் ஒரு காலை வண்டியில் போட்டிருப்பான். அந்த மார்கழிக் காலையில் பனி இறங்கி, எங்கள் வீட்டு முன்னால் அவனே கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூட மங்கலாய்த் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நேரமாகிவிட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வண்டியை உதைத்துவிட்டான். "வந்து வாங்கிக்கறேன்மா" என்றான். புறவழிச்சாலையில் நிறுத்தியிருந்த லாரியின் பின்பக்கம் பனியில் அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவிடம் அளவுகள் மட்டுமே மிஞ்சின. வாடிக்கைக்காரர்களிடம் ஆறுக்கு நாலு, எட்டுக்கு அஞ்சு என்பார். எங்களிடம் அதுவும் இல்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். சபையிலிருந்து வந்தார்கள், பட்டறைப் பக்கமிருந்து வந்தார்கள், அம்மாவுக்குப் புடவை கொடுக்கும் கடைகளிலிருந்தும் வந்தார்கள். அத்தனை பேரையும் நான் தோற்கடித்தேன். சபையில் நாங்கள் பெரியம்மா என்று அழைக்கும் ஒருவர், ஆண்டவர் தோட்டத்தில் நல்ல பூவாகப் பார்த்துத்தான் பறிப்பார் என்றார். அப்படியானால் இங்கே உட்கார்ந்திருக்கும் நாமெல்லாம் அவர் கழித்துவிட்ட பூக்களா என்று கேட்டேன். எல்லாம் நன்மைக்கே என்றவரிடம், யாருடைய நன்மைக்கு என்று கேட்டேன். காலம் ஆற்றும் என்றவரிடம், ஆறிப்போவதுதான் நீங்கள் எனக்கு வாழ்த்துகிற வாழ்த்தா என்று கேட்டேன். ஒவ்வொருவரும் டீயை முடித்துக்கொண்டு எழுந்தார்கள். வந்தவர்களை அனுப்ப அம்மா பூட்டைத் திறப்பார். அனுப்பிவிட்டு மறுபடி பூட்டுவார். பெரியம்மா போன அன்று மட்டும் பூட்டிய கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜெயிச்சிட்டியா?"

ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அந்தக் கூடத்தில் ஒருவர் குறைந்தார். கடைசியில் யாரும் வரவில்லை. கம்பியின் இந்தப் பக்கம் நானும் அம்மாவும் முடிச்சும்தான்.

மழைக்காலம் முடிகிற தறுவாயில் பாஸ்டர் வந்தார். முதலாண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கு நாள் குறிக்கவேண்டும். எங்கள் சபையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டையும் பிரசங்கத்தையும் யாரும் செய்யலாம். ஒரு ஜெபத்தை மட்டும் இறந்தவரின் வீட்டு ஆள்தான் முன்னால் வந்து நின்று செய்யவேண்டும். வீட்டாள் ஜெபம் என்போம். அதைச் செய்யாமல் ஆராதனை முடிவதில்லை. பாஸ்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவைப் பார்த்தார், வாயைத் திறந்தால் மகன் பெயரைத் தவிர வேறெதுவும் வராது என்றார் அம்மா. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மறுத்தேன். மறுப்பையும் முறையாகவே கட்டினேன். நினைவு என்பது சரி. ஸ்தோத்திரம் என்ற சொல் எதற்கு? ஸ்தோத்திரம் என்றால் நன்றி. எதற்கு நன்றி? பனிக்கா, லாரிக்கா? நம்பாத ஒருத்தி முன்னால் நின்று நன்றி சொன்னால் அது கேட்பவரை ஏமாற்றுவது ஆகாதா? பாஸ்டர் நல்ல மனிதர். வேதப் புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, யோசித்துப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா முடிச்சிட்டுக்கொண்டே பேசினார். தலை நிமிரவில்லை.

"எந்தச் சீட்டு வந்தாலும் பேசுவேன்னு பீத்திக்குவியே. இந்தச் சீட்டு வந்துச்சின்னு நெனச்சிக்க."

"அது போட்டிம்மா."

"பேசிடு. கதவத் தெறக்கறேன். காலேஜுக்குப் போ, மேடைக்குப் போ, எங்க வேணா போ. வாயில ஜெபம் இல்லாத புள்ளய நான் ரோட்டுக்கு அனுப்பமாட்டேன். ஒருதரம் அனுப்பிட்டேன்."

கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த முடிச்சு அவிழ்ந்துபோனது. மறுபடி எடுத்து முறுக்கினார். அந்தப் பூட்டு என்னைத் தண்டிப்பதற்கு அல்ல என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததால் அது திறந்துவிடவில்லை.

ஒப்புக்கொண்டேன். வெளியே போகவேண்டும், அதற்கு இதுதான் வழி என்றால் இதுவும் ஒரு சீட்டு. ஜெபத்தை ஓர் உரையைத் தயாரிப்பதுபோலத் தயாரித்தேன். விளி, முகவுரை, கொடுத்த ஆண்டுகளுக்காக ஒரு நன்றி, கூட நின்ற சபைக்காக ஒரு நன்றி, சந்திக்கப்போகும் நம்பிக்கைக்காக ஒரு நன்றி, முடிவுரை. ஓசை நயத்தோடு வந்தது. வேறு யாரேனும் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருந்தால் பாராட்டியிருப்பேன். பகலில் சுவரோரம் நின்று ஒத்திகை பார்த்தேன். நீல நாற்காலியின்மேல் அம்மா புடவைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். பேச்சு எவ்வளவு நேரம் போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. கம்பிகளுக்கு வெளியே தெருவில் போகிறவர்கள், இந்தப் பெண் தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டது என்பதுபோல் ஒருகணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாளும் வந்தது. எங்கள் கோயில் சிறியது. தகரக் கூரை, மர பெஞ்சுகள். கிறிஸ்துமஸுக்காகக் கட்டிய வண்ணக் காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் சரசரத்தன. அண்ணனோடு வேலை பார்த்த பையன்கள் கம்பெனிச் சட்டையோடே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பெஞ்சின் ஓரத்தில், கை இரண்டையும் முழங்காலில் வைத்தபடி. பாட்டு முடிந்தது. பாஸ்டர் தலையசைத்தார். நான் எழுந்து முன்னால் போனேன். முகங்களைப் பார்த்தேன், மூச்சை இழுத்தேன், கண்ணை மூடினேன்.

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே!"

முழு மேடைக் குரல். தகரக் கூரை அதைத் திருப்பி அனுப்பியது.

இளைஞர்கள் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தும்மலாக்கினார்கள். பெரியம்மா, "ஆண்டவரே" என்று எனக்கு எடுத்துக்கொடுத்தார், பள்ளிக்கூடத்தில் மறந்த அடியை எடுத்துக்கொடுப்பதுபோல. நான் கண்ணைத் திறக்கவில்லை. திருத்திக்கொள்வது எளிது, எத்தனையோ மேடைகளில் நாத் தவறியதை நயமாகத் திருப்பியிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னதும் மூடிய கண்ணுக்குள் நீல நாற்காலி வந்தது, துண்டு வந்தது, டம்ளர் வந்தது. நான் யாரைக் கூப்பிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. கட்டிவைத்த நன்றிகள் ஒன்றுகூட நினைவில் இல்லை. வந்தது வீட்டுப் பேச்சு.

"நடுவர் அவர்களே, நீங்க தீர்ப்பு சொல்லிட்டீங்கன்னு இவங்கள்லாம் சொல்றாங்க. நான் ஒத்துக்கல. எங்க வீட்ல தீர்ப்பு சோத்துக்கு அப்பறம்தான். அவன் அன்னிக்கு சோறுகூட துன்னாம போனான்."

பிறகு என்னென்ன சொன்னேன் என்பதை முழுவதுமாக நான் சொல்ல இயலாது. பனியைப் பற்றிக் கேட்டேன். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனால் அந்த ஆசீர்வாதம் யார் கையில் இருக்கும் என்று கேட்டேன். என் அம்மாவின் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே போனேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் மணி இல்லாமல் நான் பேசியதே இல்லை. குரல் உடைந்து, உடைந்த குரலிலேயே மேலும் பேசி, இதிலிருந்து வெளியே வர வழியே இல்லை என்று அஞ்சிய நேரத்தில் அந்த ஓசை கேட்டது.

டக். டக்.

பெஞ்சு மரத்தில் இரும்பு. இருமுறை.

கண்ணைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்களுக்கிடையில் எங்கள் வீட்டுச் சாவி. அத்தனை ஆண்டுகள் செருப்புப் பக்கத்தில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தவர், ஒருமுறைக்கும் இருமுறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுவைத்திருக்கிறார். நான் நிறுத்தினேன். ஆமென் சொல்லத் தோன்றவில்லை. பெரியம்மாதான் சொன்னார். பிறகு கம்பெனிச் சட்டைப் பையன்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா சோறு போட்டார். மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா கை கழுவ எழுந்தவர், தட்டோடு நின்று, புடவைப் பெட்டி அடுக்கிய நாற்காலியைப் பார்த்தார்.

"சோறு ஆச்சு. தீர்ப்பு சொல்ற ஆளத்தான் காணோம்."

ஓராண்டில் எங்களிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அதன்பின் நான் யோசித்ததை இங்கே வரிசையாக வைக்கிறேன். அப்படி வைப்பதுதான் என் பழக்கம். கேட்பதற்கு எவருமில்லை என்று ஓராண்டு வாதாடியவள் நான். கேட்பதற்கு எவருமில்லையென்றால் முறையீடு எதற்கு? வெற்று நாற்காலியின்மேல் யாரும் கோபப்படுவதில்லை. எதிரணி பேசுகையில் ஒரு முரண் அகப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன். அன்று அகப்பட்டது என் வாயிலேயே இருந்த முரண். கோபத்தில் நான் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் என்றால், கோபத்துக்குள் எங்கோ ஓர் இருக்கையில் யாரையோ உட்காரவைத்திருக்கிறேன் என்று பொருள். இதை நம்பிக்கை என்று சொல்லலாமா என்று அன்று தெரியவில்லை. இன்று சொல்கிறேன். ஆறுதல் வந்துவிடவில்லை. வழக்கு முடிந்துவிடவில்லை என்ற எண்ணம் வந்தது, அவ்வளவே. வழக்கு முடியாதவரை நாளை நான் பேசலாம்.

ஆனால் கதவு திறக்கவில்லை.

பேசிவிட்டேனே என்றேன். அம்மா உதட்டைப் பிதுக்கினார். "அது ஜெபமா, சண்டையா? பாஸ்டரக் கேட்டுத்தான் சொல்லணும்." கேட்டும் வந்தார். பாஸ்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம். கிறிஸ்துமஸ் போயிற்று, புத்தாண்டு போயிற்று, பொங்கல் போயிற்று. பாஸ்டர் யோசித்துக்கொண்டே இருந்தார். தெருவில் எனக்கு நடுவர் பொண்ணு என்று பெயர் விழுந்துவிட்டது. பால்காரர்கூடப் பாக்கெட்டைக் கம்பிக்குள் நீட்டும்போது, "நடுவர் என்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுப் போவார். முன்பானால் அவருக்கு ஒரு பதில் கொடுத்திருப்பேன். இப்போது பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். உள்ளே மறுபடி முடிச்சு, மறுபடி தறியோசை. ஜெபித்தும் திறக்காத கதவு அதற்கு முன்பு இருந்ததைவிடக் கனத்துத் தெரிந்தது.

ஒரு பிற்பகலில் அந்தத் தறியோசை நின்றது. நின்றதால்தான் தலை நிமிர்ந்தேன். சற்று நேரத்தில் அந்தத் தறியில் நெய்யும் எதிர்ச்சந்து அக்கா கம்பிக்கு வெளியே வந்து நின்றார். பரம்பரையாகப் பட்டு நெய்யும் வீடு. நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். கல்லூரிக்குப் போகவேண்டிய வயதிலிருந்த ஒரு மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். அது நடந்தது எங்கள் அண்ணனுக்கும் முன்பு. அப்போது அம்மா போய்ப் பார்த்து வந்தார். எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். என்னிடம் தோற்காதவர் அவர் ஒருவர்தான், வாதாடினால்தானே தோற்பதற்கு.

இப்போது பேசினார். கோயிலுக்குப் போக முடியவில்லை என்றார். தீட்டுக் கழிந்து எவ்வளவோ நாளாயிற்று. போகிறார், கொடிமரம்வரை போகிறார், அங்கிருந்து திரும்பி வந்துவிடுகிறார். உள்ளே போனால் கும்பிடவேண்டும்; கும்பிடக் கை வரவில்லை.

"தறி மிதிக்கசொல்ல அழுதுக்குவேன். அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது. நீ அங்க எல்லார் எதிர்லயும் சண்ட போட்டியாமே. எனக்கும் ஒரு வழக்கு இருக்குதுமா. வந்து பேசித் தரியா?"

"எங்க, சர்ச்சுக்கா?"

"எங்க சாமிகிட்ட. ஏகாம்பரநாதர்கிட்ட. உங்க நடுவரும் அவரும் ஒத்தரா வேறயான்னு எனக்குத் தெரியாது. நீ பேசினா கேப்பாங்கன்னு தோணுது."

இவ்வளவு பெரிய அழைப்பு எந்த மேடையிலிருந்தும் எனக்கு வந்ததில்லை. ஒரு காலத்தில் உடனே ஒப்புக்கொண்டிருப்பேன். எந்தச் சீட்டும் பேசுகிறவள் அல்லவா? ஆனால் இந்த வழக்கில் எனக்கு ஒன்றும் தெரியாது. அக்காவின் மகள் சிரித்தால் எப்படி இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

"உங்க வழக்க நான் பேச முடியாதுக்கா. கூட வரேன். நீங்க பேசுங்க."

சொன்ன பிறகுதான் பூட்டு நினைவுக்கு வந்தது. கம்பிக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு வாக்குக் கொடுத்துவிட்டேன். அக்காவும் நானும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தோம்.

அம்மா கையிலிருந்த குஞ்சத்தைக் கடைசி முடிச்சுவரை கட்டினார். மிச்ச இழையைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எதுல போவீங்க?"

"பஸ்லதான்."

"திரும்பி வரசொல்ல?"

"அதுவும் பஸ்தான்."

"படியில நிக்காதீங்க."

முந்தானை முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரமாயிற்று. ஊரார் புடவைக்கெல்லாம் முடிச்சிடுகிற விரல்கள் தன் முடிச்சில் தடுமாறின. பூட்டைத் திறந்தார். நான் படியில் கால் வைப்பதற்குள் என் தலைமேல் கை வைத்தார். அந்த இரண்டு வரி. மார்கழிக் காலையில் சொல்லப்படாமல் நின்ற அதே இரண்டு வரி. முடித்து நிமிர்ந்தபோது எதிர்ச்சந்து அக்காவும் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். அம்மா ஒருகணம் தயங்கினார். பிறகு அக்காவின் தலையிலும் கை வைத்தார். எடுத்தபோது உள்ளங்கையின் ஓரத்தில் திருநீறு ஒட்டியிருந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை.

சாவியை என் கையில் கொடுத்தார். "நான் தூங்கினாலும் தூங்கிடுவேன். நீயே தெறந்துக்கினு வா." அவர் தூங்கப்போவதில்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவுக்கு உள்ளேயே நின்று, கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கல்லூரிக்கும் போனேன். தவறிய பருவத்தைத் திரும்பப் படிக்கிறேன். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். கதவு இன்னும் இருக்கிறது. வேறு சிலரும் என்னைத் தேடி வந்தார்கள். மகனை இழந்த ஒருவரோடு திருமுக்கூடல் ஆற்றங்கரைவரை போனேன். கணவனை இழந்த ஒரு பெண்ணோடு எங்கள் சபையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காகவும் நான் பேசுவதில்லை. பேசத் தொடங்கும்வரை கூட நிற்கிறேன். இதைத்தான் இப்போது என் வேலை என்று நினைக்கிறேன். மேடையில் ஏறுவதும் உண்டு. ஆனால் சீட்டு எடுக்கும்போது கை சற்றுக் கூசுகிறது.

அந்த முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கோபுரத்தைக் கடந்தோம். கொடிமரம் தெரிந்ததும் அவர் நடை தளர்ந்தது. நான் ஒரு தூண் பக்கம் ஒதுங்கி, இங்கேயே நிற்கிறேன் என்றேன்.

"என்னான்னு ஆரம்பிக்கறது?" என்று கேட்டார்.

"எப்பிடி வருதோ அப்பிடிக்கா."

"ரொம்ப நேரம் ஆச்சின்னா சொல்லுமா."

கொடிமரத்தடியில் போய் நின்றார். பிறகு தோள் அசைந்தது. கை கும்பிடவில்லை, ஒரு விரல் நீண்டது, எதிரில் இருப்பவரைக் கேள்வி கேட்பதுபோல. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்தில் நான் நிற்கவில்லை. வெயில் தூண்களின் மறுபக்கம் நகர்ந்தது. பூ விற்கிறவர் கூடையை மூடிக்கொண்டு போனார். கடைசி டவுன் பஸ் போவதற்குள் திரும்பவேண்டும், அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார் என்ற நினைவும் எனக்குள் இருந்தது. அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த சாவி கல்தூணில் பட்டு ஓசை எழுப்பிவிடாதபடி விரல்களை மூடிக்கொண்டேன்.